அரைச் சுற்று

கிரீஸ் கறைக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்புதான் சரிப்படும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏழு வருடமாக வீட்டுக்காரரின் சட்டைகளைத் துவைத்தவள் சொல்கிறேன்.

லாரி ஓடிய காலத்தில் அவர் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடும். ஒரு தடவை லாரி எங்கள் வாசலிலேயே படுத்துக்கொண்டது. ரிப்பேர் பார்க்க மூன்று வாரம் வீட்டோடு இருந்தார். மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது, நாளைக்குக் கிளம்புகிறேன் என்றார். அவர் குளிக்கப் போன நேரத்தில் டீசல் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். குழாயில் ஏர் பிடித்துக்கொண்டது, வண்டி கிளம்பவில்லை.

அப்புறம் அது அடுப்பைத் துடைப்பது மாதிரி தினப்படி வேலையாகிவிட்டது. ஒரு நாள் இந்த நட்டு, ஒரு நாள் அந்த வயர். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார். "அக்கா, இந்த வண்டி நம்மள வச்சு விளையாடுது." நான் அவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. நாலாவது வருடம், "போதும்டி. இத இரும்புக் கடையில போட்டுட்டு வேற வண்டிக்கு டிரைவரா போறேன்" என்று கண் கலங்கினார். மனசு கேட்கவில்லை. நட்டை முறுக்கிவிட்டேன். இஞ்சின் பத்து நிமிடம் ஓடியது. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். இன்னும் மூன்று வருடம் வேலை பார்க்க அந்தப் பத்து நிமிடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஆள் ரிப்பேர் வேலையில் தேறிவிட்டார். போன மாதம் எதைத் தளர்த்தினாலும் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். அதனால் அவர் லாரிக்கு அடியில் கை விட்டுக்கொண்டிருந்தபோது வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கியின் வால்வைத் திறந்தேன். தலை வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். வலது கை மட்டும்தான் மாட்டியது.

மெக்கானிக் பார்த்ததாகச் சொன்னது உண்மைதான். இப்போது வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான்தான் ரிப்பேர் பார்க்கிறேன். "நீ இல்லன்னா என் கதி என்னடி" என்கிறார். சோறும் ஊட்டிவிடுகிறேன்.

நான் அவரைக் கட்டியா போட்டிருந்தேன்? போக வேண்டும் என்று அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே வழியனுப்பியிருப்பேன்.