கேமராவுக்கான விளக்கு

— சஹீரண்ணா, போனைக் கட் பண்ணிப்போடாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என்ற செல்லுல வையஃபை நல்லா வருது. அத்தையோட பழைய செல்லுல பேரே காட்ட மாட்டேங்குது. நீங்க மாட்டிக் குடுத்த ஹால் கேமராவும் ஓடலீங்ணா.

— பதறாதீங்க பிரவீனாக்கா. சமையக்கட்டு கேமரா?

— அதுவுஞ் செத்துப்போச்சு. அவரு திருப்பூர்ல இருந்து கூப்புட்டாரு. எதுக்குடி கருப்பாக் கிடக்குது, எவன் வந்தான்னு கேட்டாரு. இரு வாரேன்னு வெச்சுட்டாரு. அவரு கருமத்தம்பட்டி வந்து சேர்றதுக்குள்ள படம் ஓடோணுங்ணா.

— பிரவீனா, பாப்பாளுக்கு நல்ல கவுனாப் போட்டுட்டேன். நீயும் அந்த நைட்டியக் கழட்டிப்போட்டுச் சுடிதார் போடு.

— அத்தை, சித்த சும்மா இருங்க. நேரங்காலம் தெரியாம! ஞாயித்துக்கெழமை பாப்பா எங்க போறா?

— அக்கா, உங்க வையஃபை டப்பா ரெண்டு விதமா சிக்னல் விடுது. புது செல்லு ரெண்டையும் புடிச்சுக்கும். கேமராவும் பழைய செல்லும் ஒண்ணைத்தான் புடிக்கும். கிட்டப் போய்ப் பாருங்க. வையஃபைக்குன்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பச்சை விளக்கு இருக்கும்.

— ஒண்ணுதானுங்க எரியுது.

— அணைஞ்சு கிடக்கறதுதான் கேமராவுக்கு.

— ப்ளக்கப் புடுங்கி மாட்டிப் பாத்துட்டேன். வரலீங்களே!

— வராதுங்கக்கா. கரண்டு போய் வந்தா இப்படி ஆகாது. பின்னாடி பொத்தானை யாரோ அமுத்திப் புடிச்சிருக்காங்க.

— நான் தொடவே இல்லீங்ணா! பாப்பா மேல சத்தியமா. ஊட்டுல நானும் அத்தையுந்தான். அத்தைக்குச் செல்லே நோண்டத் தெரியாது. போன் வந்தாக்கூட எங்கிட்டக் குடுத்து எடுத்துத் தரச் சொல்லுவாங்க. அப்ப நாந்தான் பண்ணுனேன்னுதான சொல்லுவாரு? போன மாசம் கரண்டு போனதுக்கே...

— போனதுக்கே?

— கை இன்னும் மடக்க வரலீங்க. கதவுல நசுங்கிருச்சுன்னு டாக்டர்கிட்டச் சொல்லச் சொன்னாரு.

— யா அல்லா. திருட்டு பயத்துக்குன்னு சொல்லித்தானுங்கக்கா என்னைய மாட்டச் சொன்னாரு.

— சமையக்கட்டுல எந்தத் திருடனுங்ணா வந்து வெங்காயம் உரிக்கறான்?

— பிரவீனா, டப்பாவுல தக்காளிச்சோறு போட்டு வெச்சுட்டேன். பாப்பாளுக்குப் பாலும் ஊத்தியாச்சு.

— அய்யோ அத்தை! உங்க மவன் வர்றாரு, நீங்க சோத்தைப் பத்திப் பேசறீங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு? அண்ணா, சொல்லுங்கண்ணா, எந்தப் பொத்தான்?

— ரெண்டு இருக்கும். கீழ இருக்கறதை அமுத்திப் புடிச்சுக்குங்க. விளக்கு வந்ததும் உட்ருங்க. கேமரா தானா வந்துரும்.

— இதா, இதுதானுங்களே...

— கையை எடு அம்மணி. அதைத் தொடாத.

— உடுங்க அத்தை! கையை உடுங்க!

— தொடாதங்கறேன். அமுத்துனது நாந்தான்.

— நீங்களா? உங்களுக்கெப்படி...

— மாட்ட வந்த அன்னைக்கே அந்தத் தம்பிகிட்டக் கேட்டு வெச்சுட்டேன்.

— ஆமாங்கக்கா, கேட்டாங்க. தூசி தொடைக்கையில கை பட்டறக் கூடாது, எது கேமராவுக்குன்னு காட்டு தம்பின்னாங்க. நானும் காட்டுனேன்.

— என்னைய ஏன் அத்தை இப்படி மாட்டி உட்டீங்க? அவரு கொன்னே போட்டுருவாரு!

— போடுவான். பெத்த எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் அமுத்துனேன். படம் கருப்பாக் கிடந்தா என்னமோன்னு அவனே வருவான், வந்து சேர நேரமாகும். நீ பையைத் தூக்கறதைப் பாத்தான்னா, இங்க இருக்கற தறிக்குடோன் ஆளுங்களை அனுப்பி அப்பவே கேட்டைப் பூட்டிப்போடுவான். பை பின்கதவுகிட்ட இருக்குது. உங்கப்பன் சர்வீஸ் ரோட்டுல கார் வெச்சுட்டு நிக்கறாரு. பாப்பாளைத் தூக்கிட்டு நட.

— எங்கப்பாவா? அவருக்கு யாரு சொன்னது?

— நட அம்மணி. அப்பறம் கேட்டுக்க.

— அக்கா, நான் வெச்சர்றேன். அவரு கூப்புட்டா லைன்ல கோளாறு, நாளைக்குத்தான் வருவேன்னு சொல்லிக்கறேன். போங்க.

— அத்தை, நீங்களும் வாங்க. உங்களை உட்டு வெப்பாரா?

— நானும் வந்துட்டா உடனே தொரத்திட்டு வருவான். நான் இருந்து, கோயலுக்குப் போனாங்கன்னு சொல்றேன். விளக்கைப் பத்திக் கேட்டான்னா எனக்கென்ன தெரியும்? எனக்குத்தான் செல்லே நோண்டத் தெரியாதே.