வறண்ட காற்று

"இன்னா ஜேக்கப்பண்ணே, இந்த ரூமு ஐஸ் பொட்டி மாதிரி கீது" என்றாள் எல்சி.

"மெஷினுக்கு வேர்க்கக் கூடாதும்மா. நமக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அது இன்னா பண்ணும்?" என்றேன்.

சிரித்தாள். ஐயா, நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

எர்ணாவூர் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. பீரோ பீரோவாக நிற்கும் அந்த இயந்திரத்தைக் குளிர வைப்பது என் வேலை. பக்கத்து அறையில் எல்சி, கம்ப்யூட்டர் படிக்கிற கணக்கு அட்டைகளில் துளை போடுவாள். எண்ணூர்க் கடற்காற்று ஈரத் துணி மாதிரி. அதைக் குளிர வைப்பதைவிட உலர்த்துவதற்குத்தான் கரண்ட் அதிகம் செலவாகும். மின்வெட்டு வந்தபோது செலவைக் குறைக்கச் சொன்னார் மேனேஜர். வெளிக்காற்று வரும் கூரைக் கதவை மூடிவிட்டேன். ஒருமுறை உலர்த்திய காற்றே உள்ளே சுற்றியது. செலவு நன்றாகக் குறைந்தது. மேனேஜர் கை கொடுத்துப் பாராட்டினார்.

வால்டருக்குத்தான் பிடிக்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர், ராயபுரத்தில் எங்கள் தெரு. "மாமு, தல பாரமா கீது, கொஞ்சம் தொறந்து வுடேன்" என்பான். கேட்டபோதெல்லாம் திறந்துவிட்டிருக்கிறேன். நான் பிடிவாதக்காரன் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். வால்டருக்கும் எல்சிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவித்தார். எழுந்து நிற்கத்தான் நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் எல்சிக்குத் தலைகுனிவாகிவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் மனம் நோக நான் எதையும் செய்ததில்லை.

அந்த வாரம் குளிர்வாயுக் குழாயில் ஒரு கசிவு. கம்ப்யூட்டர் தளத்துக்குக் கீழே, ஆள் ஊர்ந்து போகிற அளவு இடத்தில்தான் அந்தக் குழாய் ஓடுகிறது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தண்ணீர் நிற்பதுபோல் கீழேயே தங்கும், அது நிற்கிற இடத்தில் மூச்சுவிடக் காற்று இருக்காது. கசிவை அடைக்க வேண்டுமானால் மாதக் கடைசிக் கணக்கு ஓடும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எதற்கு எல்லோருக்கும் தொந்தரவு என்று யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கீழே ஏதோ ஒயரை எலி கடித்துவிட்டது. வால்டர் இயந்திரத்தை நிறுத்தினான். நான் காற்றைச் சுழற்றும் ஃபேனை நிறுத்தினேன், கூரைக் கதவு மூடித்தான் இருந்தது. ஓடாத இயந்திரத்துக்குக் காற்று எதற்கு, சிக்கனம்தான். ஃபேன் நின்றதும் வாயு கீழே படிய ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவன் உடனே இறங்கவில்லை, டீ குடித்துவிட்டு வந்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

தளத்தில் ஒரு பலகையைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"கீழ ஒண்ணும் இல்லியே மாமு?"

"எலிதான் கீது. கல்யாண மாப்ள, மூக்கக் கடிச்சிடப் போவுது, பாத்துப் போ" என்றேன்.

சிரித்துக்கொண்டே இறங்கினான். நான் டார்ச் பிடித்தேன். அவன் கால்கள் வெளிச்சத்தைத் தாண்டி மெல்ல ஊர்ந்தன. பிறகு ஊரவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், சத்தமாக அல்ல, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல. ஒருமுறைதான். நான் டார்ச்சை அணைத்துவிட்டுப் பலகையைப் பொருத்தினேன். பக்கத்து அறையில் எல்சி இருந்தாள் ஐயா. அந்த வாயு மேலே ஏறி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவளிடம் போய், வேலை முடிய நேரமாகும், வூட்டுக்குப் போம்மா என்று அனுப்பிவைத்தேன்.

உள்ளே போன ஆளுக்கு மேலே பலகையை யார் பொருத்தினார்கள் என்று அவள்தான் உங்களிடம் கேட்டாளாம். கெட்டிக்காரி. அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டீர்கள், உள்ளதைச் சொல்லிவிட்டேன். வால்டரைக் கொன்றது நான்தான். கூரைக் கதவோ வாயுவோ அல்ல.

அவளை ஸ்டேஷனுக்குள்ளே கூப்பிட்டதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சுவர் ஓரமாகவே நிற்கிறாள், உட்காரச் சொல்லுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது, வால்டர் இருந்தவரை முறையில்லை என்று வாய் திறக்காமல் இருந்தேன்.

"எல்சி, என்னக் கட்டிக்கிறியா?"