வெளியேறும் விலை

தேநீரில் பால் கொஞ்சம் கூடிவிட்டது, மார்வென்னா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். ஃபெர்கஸ் இருந்தபோதும் இப்படித்தான் கொடுப்பீர்கள். அவன் கண்ணைக் காட்டுவான், நான் வாயை மூடிக்கொண்டு குடிப்பேன்.

உங்கள் கணவனுடைய நோட்டை மேசையில் விரித்து வைத்திருக்கிறீர்கள். 'எங்கே வெளியேறுவாய் என்று கேட்டால், வெளியேறவே மாட்டேன் என்று சொல்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான்.

வங்கியில் பதினோரு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே காலையில் இருவரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள், ஆளுக்கொரு அட்டைப்பெட்டியோடு. அவனுக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் வேலை கேட்டுப் போனால் எங்கள் தொழிலில் காப்பி கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். எட்டு மாதம் அலைந்தான், பாவம். தினமும் டை கட்டிக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தான் என்று நீங்களே சொல்லி அழுதீர்கள். லண்டன் மேஃபேரில் இருக்கும் அந்த ஹெட்ஜ் ஃபண்ட் எங்களைக் கூப்பிட்டது அப்போதுதான். எந்த நாட்டு நாணயம் சரியும், எங்கே வட்டி ஏறும் என்று உலகத்தையே பார்த்துப் பணம் போடுகிற இடம். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே கதவு அது.

செவ்வாய்க்கிழமை எனக்கு நேர்காணல். முதலாளி டெஸ்மண்ட் முக்கால் மணி நேரம் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி. நீ நினைச்சது தப்புன்னா, எந்த விலையில வெளியே வருவே?"

ஜப்பான் நாணயமான யென்னை வைத்து நான் ஒரு விலையைச் சொன்னேன், அதைத் தாண்டிப் போனால் நஷ்டத்தோடு விட்டுவிடுவேன் என்று. தலையாட்டினார். தன் தவறுக்கு முன்கூட்டியே எல்லை குறித்து வைக்காதவனை அவர் வாசல்படி ஏற்றமாட்டார்.

புதன்கிழமை மதியம் பப்பில் ஃபெர்கஸ் காத்திருந்தான்.

"டேய் ஆட்ரியன், என்னடா கேட்டாரு? மறைக்காம சொல்லு. மார்வென்னா முன்னாடி இனிமே தைரியசாலி மாதிரி நடிக்க என்னால முடியாது."

"தடுமாறுறவனைக் கண்டாலே அந்த ஆளுக்கு ஆகாது," என்றேன். "எங்க வெளியே வருவேன்னு கேப்பாரு. வரவே மாட்டேன்னு அடிச்சுச் சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் அசையாதே."

"அப்படியா? நான் ஒரு நம்பர் வெச்சிருந்தேனே."

"அதை அடிச்சிடு."

சிரித்தான். "பதினோரு வருஷத்துல நீ உருப்படியா சொன்னது இதுதான்டா." அடுத்த பீரையும் அவனே வாங்கினான்.

வியாழக்கிழமை டெஸ்மண்ட் மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் ஃபெர்கஸ் அசையவில்லை. "நல்ல மூளைதான். ஆனா இவன் கையில பணத்தைக் குடுத்தா என்னையும் சேர்த்து மூழ்கடிச்சிடுவான்," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் அவன் டை கட்டவே இல்லை. ஜனவரியில் அவனைப் புதைத்தோம். சாவு அவனே எடுத்த முடிவு. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று நான் அழுதது நடிப்பில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

இருந்தது ஒரே வேலை, வழியில்லாமல் நின்றவர்கள் இரண்டு பேர், யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று சொல்லி என் கையைப் பிடிக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் விஷயம் அப்படியில்லை.

வங்கியில் தினமும் காலையில் எங்கள் மேலதிகாரி என்னைத் தாண்டி அவன் பக்கம்தான் திரும்புவார். "ஃபெர்கஸ் என்ன நினைக்கிறான்?" என்பார். ஃபெர்கஸ் ஒருநாளும் பெருமையடித்ததில்லை. "ஆட்ரியனையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்பான். பதினோரு வருடம், நாள் தவறாமல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது டெஸ்மண்ட் தோளில் தட்டினார். "உனக்கு வேலை உறுதி. ரெண்டு இடம் காலியா இருக்கு. நாளை மறுநாள் உன் ஃப்ரெண்ட் வர்றான்ல, அவனும் தேறிட்டா பழையபடி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்குங்க."

அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காலையில் போனதும் என் கோட்டை அதன்மேல் போடுகிறேன்.