எண்ணெய்த் திட்டு, மரத்துண்டுகள்

"பிளேன்! குதியுங்கோடா!"

அண்ணன் சீலன் கத்துகிறான். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு இருபது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து நாலு மைல். முதலில் தும்பி இரைவது போல ஒரு சத்தம். பிறகு காதடைக்கும் உறுமல். மீன்பிடி வள்ளத்தின் இயந்திரத்தை நிறுத்துகிறோம். விமானம் வந்தால் கடலில் குதித்து வள்ளத்தின் நிழலுக்குள் ஒதுங்குவது எங்கள் ஊர் வழக்கம். அண்ணன் குதிக்கிறான். மச்சான் யேசுராசா குதிக்கிறான். பக்கத்து வீட்டு ராசனும் குதிக்கிறான். என் கால் வலையில் மாட்டிவிட்டது.

குண்டு வள்ளத்தில் படவில்லை. முப்பது பாகம், நூற்றெண்பது அடி, தள்ளித் தண்ணீருக்குள் வெடித்தது. பெரிய சத்தமில்லை. அடிவயிற்றில் ஒரு குத்து. வள்ளம் பிளந்தது. ஒரு பலகையைப் பிடித்துக் கிடந்தேன். மூவரும் பிணமாக மிதந்து வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூக்கில் மட்டும் இரத்தம். பிற்பகல் வேறொரு வள்ளம் என்னை ஏற்றியது. மாலை அரசாங்க வானொலி சொன்னது: எதிரிப் படகு அழிக்கப்பட்டது. அந்த எதிரிப் படகில் இருந்தது வலையும் பழஞ்சோறும்.

இப்போது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறேன். போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கரையோரம் நீர்மூழ்கிகளைத் தேடி ரோந்து போன ஒரு படைப்பிரிவின் குண்டுவீச்சு விமானம் அங்கே நிற்கிறது. அப்பிரிவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதித் தரச் சொன்னார் பள்ளிப் பொறுப்பாளர் முரளி. மதுரைக்காரர். விமானத்தின் குண்டைக் காட்டிச் சொன்னார்:

"அங்கிள், டைரக்ட் ஹிட்டே வேணாம். தண்ணிக்குள்ள வெடிச்சா பிரஷர்லயே க்ளோஸ்! சூப்பர் டெக்னாலஜி, இல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையில் குண்டு விழுந்தால் படுக்க வேண்டும். கடலில் விழுந்தால் வள்ளத்தை விட்டு இறங்கக் கூடாது; தண்ணீருக்குள் இருப்பவனை அந்த அழுத்தமே கொன்றுவிடும். அதை ஒருவனும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தப் படைப்பிரிவின் ரோந்துக் குறிப்பைப் படித்தேன். எண்ணெய்த் திட்டு. மரத்துண்டுகள். நீர்மூழ்கி மூழ்கடிக்கப்பட்டது.

"தம்பி, நீர்மூழ்கியை மரத்திலயோ செய்தவங்கள்?"

"ரெக்கார்ட்ல அப்படித்தான் இருக்கு அங்கிள். கிட்ஸுக்கு பாசிட்டிவா எழுதுங்களேன்."

எழுதினேன். 'மரத்துண்டுகள் மிதந்தன. யாருடையவை என்று எவரும் இறங்கிப் பார்க்கவில்லை.' முரளி அந்த இரண்டு வரியையும் வெட்டிவிட்டார். மீதித் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் வெட்டினால் வெட்டட்டும். என் கணக்கு இது. ஒரு வள்ளம். ஓர் இயந்திரம். இரண்டு வலை. அண்ணன் சீலன், இருபத்தாறு வயது. யேசுராசா, கலியாணமாகி நாலு மாதம். ராசன், பத்தொன்பது. நீர்மூழ்கி ஒன்றுமில்லை.