கலெக்டர் அசையாமல் நின்றார்

ஆடு வளர்க்கிறவன் பொதுவாக யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டான், ஐயா. அதற்கு நேரம் இருக்காது. காலையில் அகத்திக்கீரை, மதியம் தண்ணீர், சாயங்காலம் உண்ணி பொறுக்குவது, நடுநடுவே புழுக்கை கூட்டுவது. உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், இதில் உட்காருங்கள். நீங்கள் எந்த ஸ்டேட் போலீஸ் என்று நான் கேட்கப் போவதில்லை. போன வாரம் ஒருவர் தெலுங்கில் எழுதிக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டு போனார். ஏரியில் கிடந்த என் அண்ணி தாட்சாயணி தானாக விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா என்று இருவரும் கேட்டார்கள். யாரும் தள்ளவில்லை. அவள் ஏன் விழுந்தாள் என்று இருவருமே கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

எங்கள் ஆட்டின் பெயர் கலெக்டர். அண்ணி வைத்த பெயர். தாடியைத் தூக்கிக்கொண்டு அவர் கூடத்துக்குள் நடந்து வந்தால் எல்லோரும் தறியை விட்டு எழுந்து நிற்போம். நிற்காவிட்டால் தறியில் பூட்டிய பாவு நூலைத் தின்றுவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மகன் கோவர்த்தனன் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தான். பிழைத்தால் எல்லையம்மனுக்கு ஒரு கடா என்று அண்ணி வேண்டிக்கொண்டாள். பையன் பிழைத்தான். அண்ணியின் அப்பா பொன்பாடியிலிருந்து ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். வேண்டுதல் அவளுடையது, வளர்த்தது நான்.

எனக்கு நேரம் இருந்தது. நகரியில் எங்களுக்கு இந்த வீடும் இரண்டு தறியும். ஒன்றில் அண்ணன் செங்கல்வராயன் உட்காருவார். இன்னொன்று என்னுடையது என்று பேர். அதற்கு முன் நான் பாகாலா ஜங்ஷனில் ராத்திரி டூட்டி பார்த்தேன். கைவிளக்கைத் தூக்கிக் காட்டும் வேலை. எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், இன்றைக்குப் போக வேண்டாம் என்று தோன்றியது. போகவில்லை. மறுநாளும் அப்படியே தோன்றியது. இதற்குமேல் அதில் காரணம் ஒன்றும் கிடையாது. அண்ணிக்கு மட்டும் காரணம் தேவைப்பட்டது.

“இன்னா கொளுந்தனாரே, கலெக்டருக்குத் தாடி சீவியாச்சா? ஆபீசுக்கு நேரமாவுதே அவருக்கு. நீங்க இன்னா டவாலிச் சேவகனா, கூடவே நின்னுக்கினு கீறீங்க?”

அண்ணன் சிரிப்பார். எங்கள் அம்மா செங்கம்மா வாயில் இருக்கும் வெற்றிலை தெறிக்கச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் பேசினால் சிரிப்பு வரும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்தது. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நாங்கள் படுத்த பாயிலேயே படுத்திருந்தோம். ஐந்து மைல் தள்ளியிருக்கும் பொன்பாடி மட்டும் தூக்கத்தில் வேறு ஸ்டேட்டுக்குப் புரண்டுவிட்டது. அண்ணியை எல்லோரும் ‘மதராஸ்காரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் பதிலுக்கு, “ஆமா, எம் மேல கை வெச்சா ரெண்டு சர்க்காரு வரும்” என்பாள். பாருங்கள், அதையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “எம் புள்ள ஆனா ஆவன்னா படிக்கணும். எங்க நைனா ரெண்டு தறி போட எடம் பாத்து வெச்சிக்கிறாரு. ஆடிப் படையல் முடிஞ்சதும் பொன்பாடிக்குப் போயிடலாம்.”

“ஆவட்டும்” என்றார் அண்ணன்.

“நானும் வரேன்டி. அந்த ஊர்த் தண்ணி பருப்பை நல்லா வேக வெக்கும்” என்றாள் அம்மா.

அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். “நீங்களும் வாங்க கொளுந்தனாரே. ஆனா எங்க நைனா வூட்டாண்ட சும்மா குந்திக்கினு துன்ன முடியாது. காலையில ஆறு மணிக்குத் தறியில ஒக்காரணும். ஆடு ஓட்டிக்கினு வர்ற கதையெல்லாம் கெடையாது.”

ஒரு குடும்பம் என்றால் இருந்த கூரையின் கீழேயே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இடம் மாறினால் தாங்க மாட்டாள். அவள் மறுநாளே வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து மூட்டை கட்ட ஆரம்பித்தது உண்மைதான். வயதானவர்களுக்குத் தங்களுக்கு எது நல்லது என்று தெரிவதில்லை. யாராவது ஒருவர் பொறுப்பாக யோசிக்க வேண்டியிருந்தது.

எங்கள் வகையறாவின் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லையம்மன் என்பது வயல் ஓரத்தில் ஒரு கல். அதற்கு நாலு முழம் தள்ளி இன்னொரு கல், எல்லைக்கல். படையல் அன்று கடாவுக்கு வேப்பிலை மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். கடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம், அப்புறம்தான் கத்தி. மூன்று தரம் ஊற்றியும் சிலிர்க்காவிட்டால் குடும்பத்தில் யார்மேலோ அம்மனுக்குக் கோபம். அப்போது ஒவ்வொருவராக எல்லைக்கல்லைத் தாண்டிப் போக வேண்டும், ஒவ்வொரு தரமும் இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். யார் தாண்டியதும் கடா சிலிர்க்கிறதோ, குற்றம் அந்த ஆள்மேல். என்ன குற்றம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதால் ஆளாளுக்கு ஒன்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஏழு வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சித்தப்பா தாண்டினார், கடா சிலிர்த்தது. அவர் அப்படியே நடந்து போய்விட்டார். இன்றுவரை வரவில்லை.

ஆட்டின்மேல் தண்ணீர் விழுந்தால் அது சிலிர்ப்பது அம்மனால் அல்ல, ஈரத்தால். ஈரம் பழகிவிட்டால் சிலிர்க்காது. இது ஆடு வளர்த்தவனுக்குத் தெரியும், பூசை செய்கிறவனுக்குத் தெரியாது.

வைகாசியில் ஆரம்பித்தேன். மதியம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கொல்லைப்புறத்தில். ஒரு துணியில் கடலைப் பிண்ணாக்கை முடிந்து, கலெக்டருக்கு முன்னால் கொடியில் தொங்கவிடுவேன். தலையில் ஒரு சொம்பு ஊற்றுவேன். சிலிர்த்தால் பிண்ணாக்கு கிடையாது. துணியைப் பார்த்தபடி அசையாமல் நின்றால் உண்டு. பத்தே நாளில் நின்றார். ஒரு மாதத்தில் மூன்று சொம்புக்கும் கல் மாதிரி நின்றார். புத்திசாலி. பாகாலாவில் என்னோடு டூட்டி பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தி கிடையாது.

இதுவரைக்கும் சொன்னால், ஆட்டைக் காப்பாற்ற ஏதோ செய்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். பிரியம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துணியை எடுத்து ஒளித்ததும் சிலிர்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். துணி போனதும் காதில் லேசாக ஊதுவேன், சிலிர்ப்பார், ஒரு பிடி கொடுப்பேன். பிறகு ஊதாமலேயே சிலிர்த்தார். அது எதற்கு என்று கேட்டால், கற்றுக்கொடுப்பதில் அரைகுறை எனக்குப் பிடிக்காது.

அண்ணி ஒரு நாள் எழுந்து வந்து பார்த்துவிட்டாள்.

“இன்னாது, கலெக்டருக்குத் தெனம் ஸ்நானமா?”

“வெயில் அண்ணி, பாவம்.”

“இந்த அக்கறையைத் தறி மேல காட்டியிருந்தா ஊர்ல பாதிப் பேருக்குப் பொடவை நெய்ஞ்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மடியில் பிண்ணாக்கு எடுத்து வந்து அவளே ஊட்டினாள். கலெக்டர் அவள் உள்ளங்கையை நக்கினார்.

அவள் சொன்னதும் தறியில் உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். கத்திரிப்பூ நிறத்தில் பதினைந்து நாளில் ஒரு புடவை நெய்து ஆடி முதல் தேதி அண்ணி கையில் கொடுத்தேன். அவள் முந்தானையை விரித்துக் கையால் தடவிப் பார்த்தாள்.

“இவ்ளோ நல்லா நெய்யறவரு ஏன் இப்டி கெடக்கறீங்க” என்றாள். கேலி இல்லாமல் சொன்னாள். “படையலுக்கு இதான் கட்டுவேன்.”

கொடியில் தொங்கவிட்ட துணியும் கத்திரிப்பூ நிறம்தான். அதே சாயம், அதே கஞ்சி வாசனை. வைகாசியிலேயே பாவு ஓட்டி முதலில் ஒரு முழம் நெய்து பார்த்தேன், மீதியை அப்புறம் புடவையாக்கினேன். ஒரே பாவில் வந்த துணி. அண்ணியின் நிறத்துக்கு அது நன்றாக இருக்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

படையலுக்குப் புத்தூரிலிருந்து என் தங்கை வள்ளி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். பொங்கலுக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. பிள்ளைகள் கலெக்டர் முதுகில் ஏறி விளையாடினார்கள். அண்ணி கத்திரிப்பூப் புடவை கட்டி, விறைப்பான கஞ்சி சரசரக்க, அம்மன் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வேண்டுதல் அவளுடையது, அங்கேதான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

பூசாரி வெங்கடசாமி ஒரு சொம்பு ஊற்றினார். கலெக்டர் புடவையைப் பார்த்தார், நின்றார். இரண்டாவது சொம்பு, நின்றார். மூன்றாவது சொம்பு, அப்போதும் நின்றார். தாடியிலிருந்து மஞ்சள் சொட்டியது, அவ்வளவுதான்.

“அம்மவாரு ஒப்புகோலேது” என்றார் பூசாரி. ஒப்பவில்லை என்பதை அவர் எப்போதும் தெலுங்கில்தான் சொல்வார். நல்ல சேதியைத் தமிழில் சொல்வார். “ஒவ்வொருத்தரா தாண்டுங்க.”

அம்மா தாண்டினாள். அண்ணன் தாண்டினார். வள்ளியும் மாப்பிள்ளையும் தாண்டினார்கள். நான் தாண்டியபோது கலெக்டர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக் கத்தினார். பிண்ணாக்கு கேட்கிறார் என்று யாருக்காவது புரிந்துவிடுமோ என்று நினைத்தேன். “வளத்தவன் போறான்னு அழுவுது பாரு” என்றாள் வள்ளி. கலெக்டர் மறுபடி புடவைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் அண்ணி. எல்லோர் முகமும் இறுகிப்போயிருந்ததால் சிரிக்க வைக்கப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மதராஸ் ஸ்டேட்டுக்குப் போய்க்கினு வரேன்” என்று சொல்லிக் கல்லைத் தாண்டி, எங்களுக்குப் பின்னால் புடவை மறைய வந்து நின்றாள்.

பூசாரி சொம்பைக் கவிழ்த்தார். கலெக்டர் தலையிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்தார். எங்கள் எல்லோர்மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது.

அதன்பிறகு கத்தி. கலெக்டருக்கு வலித்திருக்காது, வெங்கடசாமி கை நேர்த்தியான கை. ஒரு மணி நேரத்தில் அண்டாவில் வெந்துகொண்டிருந்தார். இலை போட்டார்கள். அண்ணிக்கு யாரும் இலை போடவில்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆளாளுக்கு அடுத்தவர் போடுவார் என்று இருந்தார்கள். கோவர்த்தனனை வள்ளி தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் அண்ணன் தணிந்த குரலில், “இன்னா பண்ணியிருப்பா?” என்று கேட்டார். அவரே அப்படிக் கேட்டதும் எல்லாம் முடிந்தது.

அண்ணி நேராக என்னிடம்தான் வந்தாள்.

“கன்னையா.” அவள் அதற்குமுன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “நான் கலெக்டருக்கு எங் கையால தீனி போட்டிருக்கேன். அவன் என்னைப் பாக்கல. எம் பொடவையப் பாத்துக்கினே நின்னான். ஏன் அப்டி நின்னான்? நீதான வளத்த, உனக்குத் தெரியும். சொல்லு.”

நான் எலும்பை இலை ஓரத்தில் வைத்தேன். “ஆட்டுக்கு இன்னா தெரியும் அண்ணி. எல்லாம் அம்மன்தான்.”

அவள் ரயில் பாதை ஓரமாகப் பொன்பாடிக்கு நடந்து போனாள். அங்கே அவள் அப்பாவுக்குச் சேதி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. அம்மன் வேண்டாம் என்றவளை உள்ளே விட்டால் மற்ற இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆகாது என்று கதவைத் திறக்கவில்லையாம். மூன்றாம் நாள் ஏரியில் மிதந்தாள். ஏரிக்கரையில் புது ஸ்டேட் கல் நட்டிருக்கிறார்கள். தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். உங்கள் ஆட்கள் இரண்டு தரப்பும் மூங்கிலை வைத்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். அத்தனை நேரம் தண்ணீரில் கிடந்தும் புடவையில் சாயம் துளிகூடப் போகவில்லை. நகரியில் அப்படிச் சாயம் போடுகிறவன் இன்றைக்கு யாரும் கிடையாது.

இதில் எந்த இடத்தை எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணிக்குப் புடவை நெய்து கொடுத்தேன். இரண்டும் வீட்டில் ஒருவன் செய்யக்கூடிய காரியம்தான். இரண்டையும் ஒன்றுக்காகச் செய்தேன், அவள் போக வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், குடும்பம் பிரியவில்லை. பொன்பாடிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அண்ணன் முன்னைவிட நிறைய நேரம் தறியில் உட்காருகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, அது நெசவுக்கு நல்லது. பையன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுதுகிறான். ராத்திரி அம்மா எங்கே என்று கேட்கிறான். பழகிவிடுவான், எல்லாம் பழக்கம்தான்.

அம்மா அண்ணனுக்குப் புத்தூரில் வேறு பெண் பார்த்திருக்கிறாள். நல்ல பெண்தானாம், கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்று வள்ளி சொல்கிறாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு அங்கே ஆறு தறி, மாப்பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை என்றும் கேள்வி. பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

அதோ வாசலில் கட்டியிருக்கிறதே, அந்தக் குட்டி நேற்றுத்தான் வந்தது. இன்னும் பேர் வைக்கவில்லை. பார்த்து எழுந்திருங்கள் ஐயா, பின்னால் தறி இருக்கிறது. அந்தக் கத்திரிப்பூப் பாவில் இன்னும் ஒரு புடவைக்கு நூல் மிச்சம் இருக்கிறது.