திறக்காத கிரீஸ் டப்பா

நான் பயணிகள் கப்பலில் புகைப்படக்காரன். வயது முப்பத்தெட்டு. கப்பல் பயணம் இல்லாத நாட்களில் துறைமுகச் சாலையில் சலவைக் கடைக்கு மேல்மாடியில், என் தங்கை குடும்பத்தோடு ஒரே வீட்டில் வசித்து வருகிறேன். பெயரையும் அடையாள அட்டை விவரத்தையும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். கப்பலில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கேமரா' என்றால் நான்தான். உயிர்காப்புப் படகு விழுந்து இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். அதே கப்பலில் மேல்தளத்துப் பராமரிப்பு வேலையில் இருந்தார். நான் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கப்பலில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். வேறு மொழிக்காரர்கள்கூட நாக்கைச் சுழற்றி அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் இறந்தது பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

பயணிகள் சாப்பிடுவதையும் ஆடுவதையும் படம் எடுத்து அவர்களுக்கே விற்பதுதான் என் வேலை. சம்பவத்துக்கு முந்தைய வாரம் விளம்பரப் பிரிவு மேடம் என்னைக் கூப்பிட்டு, கப்பலில் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டப் படங்கள் வேண்டும் என்றார். அதன் பிறகு துருச் சுரண்டுகிறவர்கள், கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள், கண்ணாடி துடைக்கிறவர்கள் என்று எல்லோரையும் எடுத்தேன். அவர்கள் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். படத்தில் வியர்வை தெரிகிறது, முகத்தில் களை இல்லை என்று மேடம் அத்தனையையும் ஒதுக்கிவிட்டார்.

அதன் பிறகு மேடம் புது வெள்ளைச் சீருடை கொண்டுவரச் செய்து, மாப்பிள்ளையை உயிர்காப்புப் படகு தொங்கும் இடத்தில் நிறுத்தினார். அந்தப் படகைத் தாங்கும் இரண்டு கம்பிவடங்களில் பின்பக்கத்து வடத்துக்கு அன்று காலை வேலை பார்ப்பதாக ஏற்கெனவே ஏற்பாடு. பழைய கிரீஸை வழித்து, துணியால் துடைத்து, கம்பி இழை எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் புது கிரீஸ் பூச வேண்டும். மாப்பிள்ளை குனிந்து டப்பாவில் ஒட்டியிருந்த நாடாவைப் பிரிக்கப் போனபோது மேடம் பதறி, "ஐயையோ, அதைத் திறக்காதீங்க, சட்டை பாழாயிடும்! பூசுற மாதிரி கையை மட்டும் அசைங்க, போதும்" என்றார். மாப்பிள்ளை காய்ந்த பிரஷை வடத்தின் மேல் இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன மச்சான், வெறுங்கையால முழம் போடச் சொல்றாங்க" என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நான் பொத்தானை அழுத்தினேன். படம் நன்றாக வந்திருந்தது.

அதன் பிறகு அவர் பழைய உடைக்கு மாறி வேலையைத் தொடங்க வந்தபோது, தளத்துப் பொறுப்பு அதிகாரி வந்து, பயணிகள் உடற்பயிற்சிக்கு வரும் நேரம், கிரீஸ் நாற்றம் ஆகாது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நானும் அவரும் ஒரே அறையில் மேல் கட்டில், கீழ் கட்டில் என்று தெரிவித்துக்கொள்கிறேன். "அந்த வடத்தை மட்டும் தொட விடமாட்டேங்கறாங்க மச்சான்" என்று சட்டையைக் கழற்றும்போதெல்லாம் புலம்புவார்.

சம்பவத்தன்று கப்பல் நங்கூரத்தில் நின்றது. படகை இறக்கி ஏற்றும் பயிற்சி நடந்தது. அதையும் படம் எடுக்கச் சொன்னதால் நான் அங்கே இருந்தேன். படகில் ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை அந்த அதிகாரியிடம் போய், "சார், பின்வடத்துக்கு இன்னும் வேலை பாக்கல. ஆள் ஏறாம வெறும் படகை ஒரு தடவை இறக்கிப் பாத்துருவோம்" என்றார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன், என் காதால் கேட்டேன். அதற்கு அதிகாரி, "பாக்கலையா? நீ கிரீஸ் போடுற போட்டோவே ஆபீசுக்குப் போயாச்சுய்யா. ஏறு, ஏறு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் பயிற்சிக்கு வந்த வேறு இரண்டு ஊழியர்களோடு ஏறிக்கொண்டார்.

படகு தண்ணீர்வரை ஒழுங்காக இறங்கியது. திரும்ப ஏறித் தளத்தை நெருங்கும்போது பின்வடம் அறுந்தது. ஈரத் துணியை உதறினாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். அதன் பிறகு முன்வடமும் தாங்காமல் படகு மாப்பிள்ளை மேலேயே விழுந்தது. மற்ற இருவரும் இன்னும் பேசும் நிலையில் இல்லை என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். கையில் கேமரா இருந்தும் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

அதன் பிறகு கம்பெனி ஆட்கள் எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் படி ஏறிப் போனபோது தங்கை அழவில்லை. "அண்ணா, வடத்தைச் சரியாப் பாக்காம இவரே நல்லாருக்குன்னு விட்டுட்டாராமே? சிரிச்சு விளையாடிக்கிட்டே வேலை பாத்தாராம். நீ எடுத்த போட்டோன்னு காட்டிட்டுப் போறாங்க. நெசமா?" என்று கேட்டாள். செத்தவன் சாட்சிக்கு வரமாட்டான் என்ற தைரியத்தில் பழியை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது ஏன் கத்துகிறீர்கள் என்று இங்கே கேட்டார்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் குரல் அப்படி.

வீட்டில் காட்டிய படத்தில் கீழ்ப்பாகம் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டாத படம் உள்ள கேமரா அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் மாப்பிள்ளையின் காலடியில் கிரீஸ் டப்பா இருக்கிறது. மூடியைச் சுற்றிய நாடா பிரிக்கப்படவில்லை. பிரஷில் ஒரு மயிர்கூடக் கறுக்கவில்லை. வடத்தில் பழைய கிரீஸ் கட்டிகட்டியாக நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படத்தைப் பற்றி எழுத்தர் முதலில் 'வேலை செய்யும்போது எடுத்த படம்' என்று எழுதியிருந்தார். அதை அடித்து, 'வேலை செய்வதுபோல் நிற்கவைத்து எடுத்த படம்' என்று எழுதச் சொன்னேன். எழுத்தர், "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டார். "ஒண்ணுன்னு நெனச்சுத்தான் சார் அவரைப் படகுல ஏத்துனாங்க" என்றேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்)
புகைப்படக்காரர்