இடது பக்கம் கட்டியவர்

பெயர்: கோ. உலகநாதன். தந்தை பெயர்: கோவிந்தராஜ். வயது: 57. தொழில்: தனியார் லாரி எடை மேடையில் எடை போடுபவர். முகவரி: பெரிய நத்தம், செங்கல்பட்டு.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். என் மகள் காயத்ரி திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூருக்கு அருகே என் காரின் மேலிருந்த கயாக் படகு சரிந்து, ஸ்கூட்டரில் வந்த ஜோதிலட்சுமி என்பவருக்குக் காயம் ஏற்பட்டது தொடர்பாக, அன்றே சாலையோரத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் படகின் வலது பக்கத்தை நானும் இடது பக்கத்தை என் நண்பர் ஜெயினுலாபுதீனும் கட்டினோம் என்று சொல்லியிருக்கிறேன். ஜெயினுலாபுதீன் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அவர் பெயரை இந்த வழக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெயினுலாபுதீன் செங்கல்பட்டில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். எழுத்தில் அவர் என்று வருகிறது. நான் அவனை அவர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு வருடத்துக்கு முன்பு முட்டுக்காட்டில் படகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடியபோது, இரண்டு பேர் உட்கார்ந்து மீன் பிடிக்கிற மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயாக் ஒன்றை நாங்கள் சேர்ந்து வாங்கினோம். நீளம் பதிமூன்று அடி. எடை எவ்வளவு என்று ஐயா கேட்டதால் சொல்கிறேன், எங்கள் எடை மேடையில் வைத்தபோது ஐம்பது காட்டியது, ஆனால் அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், அதன்பின் அரிசி மண்டித் தராசில் வைத்தபோது நாற்பத்தாறு. ஒரு ஆள் தூக்க முடியாது. தூக்கலாம் என்று சொல்கிறவன் தூக்கிப் பார்க்காதவன்.

ஞாயிறுதோறும் காலையில் அதைக் காரின் மேல் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடப்பாக்கம் கொண்டுபோய்க் கழிமுகத்தில் தூண்டில் போடுவோம். ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. காரின் பின் கண்ணாடி மேல் பழைய ரப்பர் பாயைப் போட்டு, படகின் மூக்கை அதில் சாய்த்து, அதன்பின் இருவரும் வாலைத் தூக்கி முன்னால் தள்ளுவோம். அதன்பின் மூக்குக் கயிற்றை முன் பம்பருக்கு அடியில் உள்ள கொக்கியில் நான் கட்டுவேன். அதன்பின் அவன் தன் கடையிலேயே தைத்த இரண்டு பெல்ட்டுகளின் ஒரு முனையைக் கார் கூரையின் வலது பக்கக் கம்பியில் நான் மாட்டி, மறு முனையைப் படகுக்கு மேலாக வீசுவேன். இடது பக்கத்தில் நிற்கும் அவன் அதைப் பிடித்து, கம்பியில் சுற்றி, முழு பலத்தோடு இழுத்துப் பூட்டுவான். ஒருவர் பக்கத்தை மற்றவர் போய்ப் பார்ப்பதில்லை. முதல் வருடம் ஒரு தடவை நான் அந்தப் பக்கம் போய் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டேன். "இன்னாடா மச்சான், என் வேலைய செக் பண்ணிகினு கீற? நான் உன் பக்கம் வந்தனா?" என்று கேட்டவன், கடப்பாக்கம் போய்ச் சேரும் வரை என்னோடு பேசவில்லை. அதன்பின் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

சென்ற வருடம் கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. படகு அவன் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையிலேயே கிடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்பு அவன் மனைவி சம்சாத் பேகம் போன் செய்து, கடையை வாடகைக்கு விடப்போவதாகவும், படகை நான் எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். என் வீட்டில் பதிமூன்று அடிக்கு இடம் கிடையாது. யாருக்காவது விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை தனியாகப் போய் வரலாம் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

சம்பவத்தன்று காலை ஆறு மணிக்கு, கடையில் தையல் வேலை பார்த்த ராஜேந்திரன் என்பவர் வந்து படகை ஏற்ற உதவினார். இடது பக்கம் நின்று பெல்ட்டைப் பூட்டியவர் அவர்தான். அவர் செங்கல்பட்டிலேயே நின்றுவிட்டார். போகும்போது படகு அசையவில்லை. கடப்பாக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் இறக்கிக் கொடுத்தார்கள். முன் சீட்டு என்னுடையது. பின் சீட்டில் ஆள் இல்லாததால் படகு மூக்கை அமுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கரைக்குத் திரும்பி, இருபது லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிப் பின் சீட்டில் வைத்தேன். ஜெயினுலாபுதீன் எண்பத்திரண்டு கிலோ. கேன் போதவில்லை. எப்படியோ சமாளித்துப் போய்த் தூண்டில் போட்டதில் இரண்டு கிழங்கான் கிடைத்தது. முதல் மீன் ஏறியதும் தூக்கிப் பிடித்துப் பின்னால் திரும்பிக் காட்டினேன். கேனிடம் காட்டினேன் என்று எழுதிக்கொள்ளலாம். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று ஐயா கேட்டார். தேவையில்லை, ஆனால் நடந்தது.

பத்து மணிக்குக் கரைக்கு வந்தேன். அங்கே நண்டு பிரித்துக்கொண்டிருந்த முனியம்மா என்பவரும், அவரோடு இருந்த ஆண்கள் இருவரும் படகைக் காரின் மேல் ஏற்றிக் கொடுத்தார்கள். முனியம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா சார் இது, ரெண்டு சீட்டு வெச்சிகினு ஒத்த ஆளா சுத்திகினு கீற? கூட யாரும் வர்லியா?" என்று கேட்டார். நான் "வருவாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு படகு கரை ஏறியதால் அவர்கள் மூவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் பெல்ட்டைத் தொடவில்லை, கட்டச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவர்கள் மேல் எந்தத் தவறும் கிடையாது.

அதன்பின் நான் மூக்குக் கயிற்றைக் கட்டினேன். அதன்பின் இரண்டு பெல்ட்டுகளையும் வலது பக்கம் மாட்டி, ஒவ்வொன்றாகப் படகுக்கு மேலாக வீசினேன். அதன்பின் ரப்பர் பாயைச் சுருட்டி டிக்கியில் வைத்து, கால் மணலைத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். இடது பக்கம் போகவில்லை. ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று ஐயா இரண்டு முறை கேட்டார். வீசிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆறு வருடம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. வேறு காரணம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் பெல்ட் தொங்குவது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கூவத்தூருக்கு முன்னால் ஒரு பேருந்து என்னை முந்திப் போனது. அந்தக் காற்றில் படகு இடது பக்கம் சரிந்து, மூக்குக் கயிறு மட்டும் பிடித்திருந்ததால் வால் சுழன்று, சாலையின் ஓரமாக வந்துகொண்டிருந்த ஸ்கூட்டரில் அடித்தது. நான் வண்டியை நிறுத்தி ஓடினேன். ஜோதிலட்சுமி மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பார்க்காமல், பையில் இருந்த முட்டையெல்லாம் உடைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். பையைத் திறந்து பார்த்து, நான்கு நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். அதன்பின் நூற்றெட்டு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அதன்பின் வந்த காவலர் பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "யாருய்யா இதக் கட்டினது?" என்று கேட்டார். வலது பக்கம் நான், இடது பக்கம் ஜெயினுலாபுதீன் என்று சொன்னேன். அவர் எங்கே என்று கேட்டதற்கு வீட்டு முகவரியைச் சொன்னேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். தப்பிக்க நினைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக என்னிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஜோதிலட்சுமியைப் பார்க்கப் போனேன். தோள் எலும்பும் மணிக்கட்டும் உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். வார்டு வாசலில் அவர் கணவர் ஜெகதீசன் என்னை மறித்து, "செத்துப்போன மனுஷன் மேல பழியப் போட்டுட்டு, நீ ஆப்பிள் வாங்கிகினு வரியா?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். அன்று காலை காவலர் ஜெயினுலாபுதீன் வீட்டுக்குப் போய் விசாரித்ததும், அங்கே தெரிந்ததை ஜெகதீசனிடம் சொன்னதும் எனக்கு அப்போதுதான் தெரியும். ஜெகதீசன் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அடித்திருப்பேன். பழத்தை பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை சம்சாத் பேகம் போன் செய்தார். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும் என்று எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணே, போலீசு வந்து ஜெயினுலாபுதீன் கீறாரான்னு கேட்டாங்க. நானும் இருங்க கூப்பிடுறேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேண்ணே. பாதி வூடு தாண்டினப்புறம்தான் நெனப்பு வந்துச்சு" என்றார். அதன்பின் அவர் அழுதார். நானும் அழுதேன். அவன் இறந்த அன்றுகூட நான் அழவில்லை.

படகைக் கட்டாமல் ஓட்டியது நான். அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். முதல் வாக்குமூலத்தில் இடது பக்கம் கட்டியவர் என்ற இடத்தில் ஜெயினுலாபுதீன் பெயரை நீக்கி, யாரும் இல்லை என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் இருக்கிறானா என்று கேட்டு இனி யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றே, உண்மைக்கு மாறாக இதில் எதுவும் இல்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. உடன் வந்தவர் கையொப்பம் இட வேண்டிய இடம், என்னுடன் எவரும் வராத காரணத்தால், காலியாக விடப்பட்டது.

(ஒப்பம்) கோ. உலகநாதன்